மெடூசாவைத் தெரியும்... யாளியைத் தெரியுமா பாஸ்?

போன செமஸ்டர் சிம்போசியம். க்விஸ் ஃபைனல்ஸ். ரவுண்டு பேரே 'மான்ஸ்டர்ஸ்'. எனக்கா சொல்லித் தரணும்? ப்ளே ஸ்டேஷன்ல 'காட் ஆஃப் வார்' விளையாடியே கண்ணாடி போட்டவன் நான்!

"பாதி மனுஷன், பாதி காளை?"

"மினோட்டார்!"

"தலைமுடி எல்லாம் பாம்பு?"

"மெடூசா!"

"ஒரு தலையை வெட்டினா ரெண்டு முளைக்கும்?"

"ஹைட்ரா சார்... அரியர் மாதிரி!"

ஹால்ல விசில் பறக்குது. அப்போதான் க்விஸ் மாஸ்டர் கடைசி ஸ்லைடைப் போட்டார். கோயில் தூண். பின்னங்கால்ல நிமிர்ந்து நிக்குது ஒரு மிருகம். சிங்க மூஞ்சி, பிதுங்கின கண்ணு, யானைத் துதிக்கை. "இது என்ன?"

"சிங்கம்... இல்ல, யானை... ரெண்டும் மிக்ஸ் சார்!"

அவ்வளவுதான். கோப்பை பக்கத்து காலேஜுக்குப் போயிடுச்சு. க்விஸ் மாஸ்டர் மைக்கிலேயே கேட்டார்... "எந்த ஊருப்பா நீ?" "செம்பட்டி சார். திண்டுக்கல் பக்கம்." "அந்தப் பக்கம் கோயிலே இல்லையா?"

கப் போனதுகூடப் பரவாயில்லை மக்களே. அந்தச் சிரிப்பு இருக்கே... ஹாஸ்டல் வரைக்கும் கூடவே வந்துச்சு.

ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் அப்பத்தாகிட்ட செல்போன்ல அந்தப் போட்டோவைக் காட்டினேன். பாக்கு இடிக்கிறதை நிறுத்தக்கூட இல்லை. "அடேய், ஆளிடா அது! சின்னப்புள்ளையில அது வாய்க்குள்ள கைய விட்டுட்டு, எடுக்கத் தெரியாம ஊரைக் கூட்டுனவன்தான நீ?"

அட, ஆமா! வாய்க்குள்ள ஒரு கல் பந்து உருளுமே... அந்த மிருகம்தான் இது!

அன்னிக்கு ஆரம்பிச்ச தேடல்தான் இந்த ரெண்டு பக்கம்.

எல்லாம் ஒரே ஃபேமிலி!

முதல்ல கிரேக்கப் பார்ட்டிகளை முடிச்சிடுவோம். அங்கே அரக்க மிருகம் எல்லாம் தனித்தனியா பொறக்கலை. சுமார் 2,700 வருஷம் முன்னாடி ஹெசியட்னு ஒரு கவிஞர் 'தியோகனி'ன்னு ஒரு நூல்ல வம்சாவளியே போட்டு வச்சிருக்கார். அப்பா டைஃபோன், அம்மா எக்கிட்னா (மேல பொண்ணு, கீழ பாம்பு). பிள்ளைங்க யாரு? நரகத்து வாசல்ல காவல் காக்கிற நாய் செர்பெரஸ், பல தலைப் பாம்பு ஹைட்ரா, முன்னாடி சிங்கம் நடுவுல ஆடு பின்னாடி பாம்புன்னு நெருப்பு கக்குற கிமேரா. ரேஷன் கார்டு போட்டா பக்கம் பத்தாது!

இதுல கிமேராங்கிற பேருக்கு வெறும் 'பெண் ஆடு'ன்னுதான் அர்த்தமாம். இன்னிக்கு ஒரே உடம்புல ரெண்டு விதமான மரபணு உள்ள செல்கள் இருந்தா, உயிரியல்ல அதுக்கும் அதே பேர்தான். எங்க செம்பட்டியும் ஒரு கிமேராதான். நாலு ரோட்டுல நின்னா ஒரு முகம் திண்டுக்கல், ஒரு முகம் வத்தலக்குண்டு, இன்னொண்ணு ஒட்டன்சத்திரம், இன்னொண்ணு நிலக்கோட்டை. எந்த பஸ் எந்தப் பக்கமிருந்து பாயும்னு சொல்ல முடியாது!

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் கவனிக்க... நீங்க தினமும் அந்த நாய்கூடத்தான் குடும்பம் நடத்துறீங்க. நெட்வொர்க்ல 'நீ யாரு, உள்ளே விடலாமா?'ன்னு சரிபார்க்கிற கெர்பரோஸ் முறைக்கு, செர்பெரஸோட பேரைத்தான் வச்சாங்க. 1980-கள்ல அமெரிக்காவோட எம்.ஐ.டி-யில 'ப்ராஜெக்ட் அதீனா'ன்னு ஒரு திட்டத்துல பொறந்தது அது. (பைத்தானும் அப்படித்தான்னு நினைச்சு என் ரூம்மேட் பெட் கட்டினான். டெல்ஃபியில அப்போலோ கொன்ன பாம்பு பேரு பைத்தான்தான். ஆனா, ப்ரோக்ராமிங் லாங்வேஜுக்கு அந்தப் பேரு வந்தது 'மான்டி பைத்தான்' காமெடி ஷோவுல இருந்து. ரெண்டு பரோட்டா எனக்கு லாபம்!)

படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறைச்சது. இந்தக் கூட்டத்துல பலதுக்கும் ஒரு கொலைகாரன் இருக்கான். ஹைட்ராவுக்கு ஹெர்குலிஸ், கிமேராவுக்கு பறக்குற குதிரையில வந்த பெல்லெரஃபோன், மினோட்டாருக்கு தீஸியஸ், மெடூசாவுக்கு பெர்ஸியஸ். ஹீரோவுக்கு இன்ட்ரோ சீன் வேணும்... அதுக்கு ஒரு வில்லன் வேணும்!

சரி, நம்ம யாளியைக் கொன்னது யாரு? தேடினேன் தேடினேன்... ஒருத்தரும் இல்லை!

யானைக்கே தாதா

யாளியோட பழைய பேரு அப்பத்தா சொன்னதேதான். ஆளி. சங்கப் பாட்டுகள்ல காட்டுல திரியுற பயங்கர மிருகம் அது. யானையையே அடிச்சுப் போடும். பொருநராற்றுப்படையில கரிகாலனைச் சொல்ற இடம் செம மாஸ். தாய்ப்பால் குடிக்கிறதை இன்னும் நிறுத்தாத ஆளிக்குட்டி, தன்னோட முதல் வேட்டையிலேயே களிறைச் சாய்ச்ச மாதிரி, அந்தச் சின்னப் பையன் எதிரிகளைச் சாய்ச்சான்னு வருது. முதல் படத்துலயே வெள்ளிவிழா!

'அப்படின்னா யாளி நிஜமாவே இருந்துச்சா?'ன்னு கேக்கறீங்களா? லெமூரியா, டைனோசர்னு செல்போன்ல வர்ற ஃபார்வர்டு எல்லாம் நானும் படிச்சேன். ஒரு எலும்புத் துண்டுகூட கிடைச்சதில்லை பாஸ். கிரேக்கத்துலயும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கு. ஒத்தைக்கண் ராட்சசன் சைக்ளோப்ஸ் எங்கிருந்து வந்தான்னா, சிசிலித் தீவுல கிடைச்ச குட்டை யானையோட மண்டையோட்டைப் பார்த்துத்தான்னு 1914-ல ஓத்தேனியோ ஆபெல்னு ஒரு ஆஸ்திரிய விஞ்ஞானி சொன்னார். யானை மண்டையில துதிக்கை வர்ற இடத்துல நடுவால பெரிய ஓட்டை இருக்கும். பார்க்க ஒத்தைக்கண் மாதிரியே! கழுகுத் தலை சிங்கமான 'க்ரிஃபின்', டைனோசர் எலும்பைப் பார்த்துப் பொறந்ததுன்னு ஏட்ரியன் மேயர்னு ஒரு அம்மா 2000-ல புத்தகமே போட்டாங்க. 2024-ல ரெண்டு ஆராய்ச்சியாளருங்க, 'அதுக்கெல்லாம் ஆதாரம் பத்தாது'ன்னு பதிலுக்குக் கட்டுரை எழுதிட்டாங்க. என் கட்சி என்னன்னா... மனுஷனுக்குக் கற்பனைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு எலும்பு எதுக்கு?

பாட்டுல இருந்த ஆளி எப்போ கல்லுக்குள்ள வந்துச்சு? மாமல்லபுரம் போனா பக்கத்துல சாளுவன்குப்பம் 'புலிக்குகை' பாருங்க. வாசலைச் சுத்தி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற தலை எல்லாம் புலி இல்லை, யாளி. பல்லவர் வேலை. (புலின்னு பேர் வச்சவரும் என்னை மாதிரி க்விஸ்ல தோத்தவரா இருக்கும்.) 1010-ல முடிஞ்ச தஞ்சாவூர் பெரிய கோயில்ல அடித்தளத்தைச் சுத்தி ஒரு வரியா ஓடும். நாயக்கர் காலத்துக்கு வந்தா அண்ணன் எழுந்தே நின்னுட்டார்! தூணோட தூணா, ஆள் உயரத்துக்கும் மேல, முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு. மதுரை ஆயிரங்கால் மண்டபத்துல (1569-ல அரியநாத முதலியார் கட்டினது. எண்ணிப் பார்த்தா 985 தூண்தான்!) நடுப்பாதையில நடந்து பாருங்க. ரெண்டு பக்கமும் வரிசையா நின்னு 'யார்றா நீ?'ன்னு கேக்கும்.

நான் சிவில். அதனால ஒரு டெக்னிக்கல் பாயின்ட். யாளி தனியா செஞ்சு ஒட்டினது கிடையாது. தூணும் யாளியும் ஒரே கல். வாய்க்குள்ள உருளுதே பந்து, அதுவும் அதே கல்தான்! வெளியில செஞ்சு உள்ளே போடலை. பல்லுக்கு இடையில உளியை விட்டு, உள்ளேயே சுத்திச் சுத்திச் செதுக்கி, கடைசியா ஒட்டிக்கிட்டிருக்கிற இணைப்பை உடைச்சு விடுறது. பந்து உருளும்... வெளியே வராது. ஒரு தட்டு தப்பானா பல்லு போச்சு. பல்லு போனா மொத்தத் தூணும் வேஸ்ட். நமக்கு லேப்ல மூணு க்யூப் ஒழுங்கா காஸ்ட் பண்ண வரலை!

தாடிக்கொம்புல ஒரு பவுண்டரி கண்டிஷன்

திண்டுக்கல்ல இருந்து கரூர் ரோட்டுல போனா, குடகனாற்றங்கரையில தாடிக்கொம்பு. சௌந்தரராஜப் பெருமாள் கோயில். மண்டபத்துல ஒவ்வொரு தூணும் ஒரு சினிமா! ரதி, மன்மதன், காலைத் தூக்கி உலகளந்த பெருமாள், சக்கரத்தாழ்வார்... எனக்குக் கால் நகராம போன இடம் நரசிம்மர். மடியில இரணியன். குடல் மாலையா வருது. கல்லுல!

அங்கே நின்னப்போதான் பொறி தட்டுச்சு. மனுஷ உடம்பு, மிருகத் தலை. கிரேக்கத்துல அதுக்குப் பேரு மினோட்டார். அரண்மனைக்குக் கீழே வழி தெரியாத சிக்கல் கட்டடத்துல அடைச்சு வச்சு, கடைசியில கொன்னுட்டாங்க. இங்கே அதே ஃபார்முலா... துளசி மாலை போட்டு, பானகம் வச்சுக் கும்பிடுறாங்க!

இரணியன் கேட்ட வரம் நம்ம மேத்ஸ் பேப்பர் மாதிரி. மனுஷனாலும் கூடாது மிருகத்தாலும் கூடாது, பகலும் கூடாது ராத்திரியும் கூடாது, உள்ளேயும் கூடாது வெளியேயும் கூடாது. எல்லாப் பக்கமும் பூட்டியாச்சுன்னு நினைச்சான். பவுண்டரியில ஓட்டை இருக்குறதை மறந்துட்டான்! மனுஷனும் மிருகமும் சேர்ந்த உருவம், அந்தி நேரம், வாசப்படி. முடிஞ்சது கதை.

ஓடு பீமா ஓடு!

கிரேக்க ஸ்பிங்ஸ் தெரியும்ல? பொண்ணு முகம், சிங்க உடம்பு, றெக்கை. தீப்ஸ் நகரத்துக்கு வெளியே உட்கார்ந்துக்கிட்டு, காலையில நாலு கால், மத்தியானம் ரெண்டு கால், சாயங்காலம் மூணு கால் எதுன்னு விடுகதை போடும். பதில் சொல்லலைன்னா ஆளே காலி. 'மனுஷன்'னு சொல்லி ஜெயிச்சவன் ஈடிபஸ். (எங்க வைவா எக்ஸ்டர்னலும் இதே டைப். அவருக்கு றெக்கைதான் இல்லை!)

அந்த ஸ்பிங்ஸ் நம்ம பக்கமே வந்திருக்கு. கேரளாவுல பட்டணம்னு ஒரு ஊரு. பழைய முசிறித் துறைமுகம் இதுதான்னு கருதுறாங்க. அங்கே அகழாய்வுல ஸ்பிங்ஸ் செதுக்கின குட்டி முத்திரைக் கல் கிடைச்சிருக்கு. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் முதல்ல வச்சிருந்த முத்திரையும் ஸ்பிங்ஸ்தான். மிளகு வாங்க வந்த எந்த யவனன் விரல்ல இருந்து கழண்டு விழுந்துச்சோ!

சொந்தமாவே நமக்கு ஒருத்தர் இருக்கார். புருஷாமிருகம். மனுஷ முகம், மிருக உடம்பு. சிவபக்தர். சில சிவன் கோயில்கள்ல வாகனமாவே சாமியைத் தூக்கிட்டு வருவார். இவரை யாகத்துக்குக் கூட்டிட்டு வரச்சொல்லி பீமனை அனுப்புறாங்க. பிரச்னை என்னன்னா, இவருக்குத் திருமால் பேரைக் கேட்டாலே ஆகாது. பீமன் பக்கத்துல போய் 'கோபாலா... கோவிந்தா'ன்னு கத்துறான். பாய்ஞ்சு துரத்துறார். கண்ணன் கொடுத்தனுப்பின 12 ருத்ராட்சத்துல ஒண்ணைக் கீழே போடுறான் பீமன். அது லிங்கமாகுது. சிவபக்தர் ஆச்சே... துரத்துறதை விட்டுட்டு பூஜை பண்ண உட்கார்ந்திடுவார். பீமன் எஸ்கேப்! திரும்பத் துரத்தல், திரும்ப ருத்ராட்சம். இப்படியே 12 இடம். கடைசியில அரியும் சிவனும் ஒண்ணுன்னு சங்கரநாராயணராக் காட்சி கிடைக்குது.

இதே டெக்னிக் கிரேக்கத்துலயும் உண்டு. ஓட்டத்துல யாராலயும் ஜெயிக்க முடியாத அட்டலாண்டாவை, வழியில மூணு தங்க ஆப்பிளைப் போட்டுப் போட்டே ஹிப்போமெனிஸ் ஜெயிச்சான். அவ ஆப்பிளுக்குக் குனிஞ்சா... இவர் லிங்கத்துக்குக் குனிஞ்சார்.

வித்தியாசம் என்னன்னா, அட்டலாண்டாவோட ரேஸ் புத்தகத்தோட முடிஞ்சுபோச்சு. பீமனோட ரேஸ் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு! கன்னியாகுமரி மாவட்டத்துல சிவராத்திரி சமயம் சிவாலய ஓட்டம். முஞ்சிறை திருமலையில ஆரம்பிச்சு திருநட்டாலம் வரைக்கும், 12 கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல. காவி கட்டி, கையில பனை விசிறியோட, ஓடுறது சிவன் கோயிலுக்கு... கத்துறது 'கோபாலா, கோவிந்தா'! என் க்ளாஸ்மேட் ஒருத்தன் மார்த்தாண்டம் பக்கம். ரெண்டு தடவை ஓடியிருக்கான். 'எட்டாவது கோயில்ல காலு கழண்டுரும் மக்கா. அதுக்கு மேல ஓடுறது நாம இல்ல'ன்னான். அட்டெண்டென்ஸுக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குற பயல் அவன்!

மெடூசா... நம்ம மாடியில!

சின்னாளபட்டி தாண்டி திண்டுக்கல் வர்ற வழியில பாதி கட்டின வீடுகளைக் கவனிங்க. முன்னாடி தொங்கும் திருஷ்டி பொம்மை. முழிச்ச கண்ணு, கோரைப் பல்லு, தொங்குற நாக்கு. கிரேக்கத்துல கோர்ஃபு தீவுன்னு ஒண்ணு. அங்கே சுமார் 2,600 வருஷம் பழைய ஆர்ட்டெமிஸ் கோயிலோட முகப்புச் சிற்பத்துல இருக்குற மெடூசாவைப் பாருங்க... அதே கண்ணு, அதே பல்லு, அதே நாக்கு! கேடயம், பானைன்னு எல்லாத்துலயும் அந்த மூஞ்சியை வரைஞ்சு வச்சிருந்தாங்க. கெட்டது அண்டாதாம். அதனால, 'அவங்க கொன்னாங்க, நாம கும்பிட்டோம்'னு நான் போட்ட கணக்கு முழுசாச் சரியில்லை. அவங்களும் கொன்னுட்டு, கொண்டுவந்து வாசல்ல வச்சுக்கிட்டாங்க!

தூணுக்கு யாரு காவல்?

எல்லாரையும் காக்க நிக்கிற யாளியை யாரு காக்குறது? 2018 பிப்ரவரி 2 ராத்திரி மதுரை மீனாட்சி கோயில்ல கிழக்குக் கோபுரத்துப் பக்கம் கடைகள்ல பிடிச்ச தீ, வீரவசந்தராயர் மண்டபத்தைச் சாய்ச்சிருச்சு. 'கல்லுதானே, எரியுமா?'ன்னு கேட்டாங்க வீட்டுல. கல் எரியாது. ஆனா, கருங்கல்லுக்குள்ள குவார்ட்ஸ் இருக்கு. 573 டிகிரி செல்சியஸ் வந்தா அதோட படிக அமைப்பு மாறி, சட்டுனு விரியும். அடுத்து நிக்கிற கனிமம் அந்த அளவுக்கு விரியாது. அப்புறம் என்ன... உள்ளுக்குள்ளேயே ஒண்ணை ஒண்ணு தள்ளி வெடிக்கும். நூத்துக்கணக்கான வருஷம் நின்ன தூணுக்கு ஒரு ராத்திரி போதும். புதுசா தூண் செய்ய நாமக்கல் மாவட்டத்துல இருந்து கல் வெட்டி எடுத்தாங்க. எதிர்ல திருமலை நாயக்கர் கட்டின புதுமண்டபத்துல யாளிக்குக் கீழே தையல் மிஷின் ஓட்டிக்கிட்டிருந்த கடைக்காரங்களும் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிட்டாங்க. அங்கே துணி தைக்கக் கொடுத்தவங்கள்ல எத்தனை பேர் தலையைத் தூக்கி மேலே பார்த்திருப்போம்?

அதுக்கு முன்னாடி 1912-ல அடலின் பெப்பர் கிப்சன்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி மதுரைக்கு வந்து, மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்த மண்டபத் தூண்களை விலைக்கு வாங்கிட்டுப் போனாங்க. 1919-ல அது ஃபிலடெல்பியா மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு. ஒரு மண்டபமாவே நிறுத்தி வச்சிருக்காங்க. யாரும் ஆணி அடிச்சு ட்யூப் லைட் மாட்டலை.

இந்த வரியை எழுதும்போது எனக்கே கூசுது. ஏன்னு சொல்றேன்.

கட்டுரைக்காக அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டு, நான் சின்ன வயசுல கை மாட்டிக்கிட்டு அழுத அந்தக் கோயிலுக்கே போனேன். (எந்தக் கோயில்னு கேக்காதீங்க ப்ளீஸ்!) யாளி அப்படியே நிக்குது. வாய்க்குள்ள பந்தும் இருக்கு. கீழே, இடது கால் பக்கம், சுண்ணாம்புக்கு அடியில ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, நடுவுல ஒரு ப்ளஸ். முதல் எழுத்து என்னோடது. ஒன்பதாவது படிக்கும்போது டூர் வந்தப்போ காம்பஸ் முனையால நான் கீறினது. இன்னொரு எழுத்து யாருன்னு... அந்தப் பொண்ணுக்கே தெரியாது.

க்விஸ்ல 'இது என்ன?'ன்னு கேட்டப்போ முழிச்சவன், அதோட கால்ல பேரை எழுதி வச்சிருக்கேன் பாருங்க!

அப்பத்தா குனிஞ்சு கட்டைவிரலால அதைத் தடவிப் பார்த்துச்சு. பார்வை கொஞ்சம் மங்கல். "என்னடா எழுதியிருக்கு?"

"எவனோ பேரைக் கிறுக்கி வச்சிருக்கான் அப்பத்தா..."

"வெளங்காத பய..." திட்டிட்டு நிமிர்ந்துச்சு. அப்புறம் யாளி மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சுது. "உனக்கு ஞாபகம் இருக்கா? பொய் சொன்னவன் கைய விட்டா ஆளி கடிச்சிரும்னு சொல்லித்தான் உன்னைய மிரட்டுவேன். எங்க, இப்ப விடு பாப்போம்!"

ரோம்லகூட இப்படி ஒரு கல் மூஞ்சி இருக்கு. பேரே 'சத்தியத்தின் வாய்'. பொய்யன் கையைக் கடிச்சிடுமாம். 1953-ல வந்த 'ரோமன் ஹாலிடே' படத்துல ஹீரோ கையை விட்டு ஹீரோயினை அலற வைப்பார்ல... அதேதான்.

பக்கத்துல ஒரு வாண்டு எட்டி எட்டிக் கையை விட்டு பந்தை உருட்டிக்கிட்டிருந்தான். கடகட... கடகட.

"என்னடா, விடுறியா?"ன்னுச்சு அப்பத்தா.

சத்தியமா சொல்றேன் பாஸ்... கையை பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன்.